கட்டிலோடு கட்டிய கைகள்

என் மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலம் என்று உன் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். நான் நலமில்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆகவே இரண்டு பேருக்கும் அந்த வேலை மிச்சம். ஓசூரிலிருந்து நீ போட்ட கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று சனிக்கிழமை. இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை, கோபம். கோபம் உன்மேல் என்றுதான் முதல் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அது யார்மேல் என்று பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். லீவு நாளில் உட்கார்ந்து படி, மெஷின் ஓடுகிற இடத்தில் வைத்து ஓரக்கண்ணால் படிக்காதே.

நீ எழுதியிருப்பது எல்லாம் நியாயமான பேச்சுதான். கர்ப்பப்பை ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதே, டாக்டர் சொன்னபடி மதுரையில் போய்ப் படுத்துக்கொள், அண்ணனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அவர்களிடம் பேசிவிட்டேன், நீ எழுந்து நடமாடுகிற வரைக்கும் அவனை அங்கே விட்டுவைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி. ‘அண்ணனுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதானே அம்மா, அவனுக்கு என்ன தெரியப் போகிறது.’ நான் நின்றுவிட்டது அந்த வரியில்தான். நீ கெட்ட மனசோடு எழுதவில்லை. அம்மாவைத் தேற்றுவதாக நினைத்து எழுதியிருக்கிறாய். ஆனால் இந்த வாக்கியத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். உனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அதே வாயால் இதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரத்தப்போக்கு நின்றபாடில்லை. டூட்டியில் நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சின்ன நர்சுகள் பார்த்துவிடக் கூடாது என்று கேஸ் ஷீட்டைப் படிப்பது போலப் பாவனை செய்கிறேன். இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமானால் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். நானோ டூட்டி நேரம் போக மற்ற நேரமெல்லாம் இங்கே ஒருவனுக்குத் துணை ஆள். துணை ஆள் படுத்துக்கொண்டால் அவனுக்கு யார் துணை, எனக்கு யார் துணை? இந்தக் கணக்கை நானும் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் வந்து நிற்பது அதே இடம்தான்.

உன் அண்ணன் சாமுவுக்கு ஒரு வயது முடிவதற்குள் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை, விவரம் ஒரு கட்டத்துக்கு மேல் வளரவில்லை. உன் அப்பா ராஜபாளையத்தில் பஞ்சாலையில் இருந்தார், நான் அதே ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது மூடியும் போய், நான் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியும் ஆயிற்று. இரண்டு பேருக்கும் வேலை ராஜபாளையத்தில் இருக்க, வீடு மட்டும் எதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று நீ சின்ன வயதில் ஒரு முறை கேட்டாய். வாடகை மலிவு என்றேன். அது பொய். எனக்கு இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று வேலை பார்க்கிற இடத்தில் யாருக்கும் தெரியக் கூடாது, அதற்காகத்தான் தினமும் பஸ் ஏறினேன். நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கும்போது ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவள், அவள் பிள்ளையைப் பார் என்பார்கள் என்று பயம்.

அப்பா ஷிப்டில் இருந்தால் நான் வீட்டில், நான் டூட்டியில் இருந்தால் அவர் வீட்டில் என்று பல வருஷம் ஓட்டினோம். ஒரு வீட்டில் குடியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதைவிட வாசலில் சாவி மாற்றிக்கொண்டதுதான் அதிகம். அவர் போன பிறகு சாவி மட்டும் மிஞ்சியது. சாமுவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்து, ரேடியோவைப் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். நான் திரும்பி வரும்போது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நீ அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தாய். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

இனி பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தாறோ எண்பத்தேழோ, அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூமாப்பட்டியிலிருந்து பாண்டி என்று ஒருவனை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். தேங்காய் ஏற்றி வந்த மாட்டு வண்டியின் சக்கரம் காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. சாமுவைப் போல அவனுக்கும் பேச்சு கிடையாது. அவனுடைய அக்கா வேலம்மா கூட இருந்தாள். காட்டு வேலைக்குப் போகிறவள். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்திருந்தாள். அவனுக்கு ஊட்டுவது, ஒண்ணுக்கு எடுப்பது, முதுகு துடைப்பது எல்லாம் அவள்தான். வீக்கம் வற்றட்டும் என்று மூன்று நாள் விட்டு, நாலாம் நாள் காலையில் மாவுக்கட்டு போட்டார்கள்.

இந்த மாதிரி நோயாளியோடு எந்நேரமும் வீட்டு ஆள் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எழுதாத சட்டம். சட்டம் என்ன சட்டம், ஆள் பற்றாக்குறைதான். முப்பத்திரண்டு கட்டிலுக்கு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் ஒரு நர்ஸ், ஒரு ஆயா. காய்ச்சல் பார்ப்பது, குளுக்கோஸ் பாட்டில் மாற்றுவது, புண் கட்டுவது, ஊசி போடுவது, அத்தனையையும் நோட்டில் எழுதுவது என்று எங்கள் நேரம் போய்விடும். மற்றதையெல்லாம் வீட்டு ஆட்கள் செய்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வார்டே நடந்தது. நோயாளி தனக்கு என்ன என்று சொல்லுவான், சொல்ல முடியாவிட்டால் துணை ஆள் சொல்லுவான். இரண்டும் இல்லாத ஒருவனுக்கு அங்கே இடமே கிடையாது.

அன்று நான் டூட்டிக்கு வந்ததும் வேலம்மா என்னிடம் வந்தாள். இரண்டு பெண் குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து நாலு நாள் ஆகிறது, சின்னவளுக்குக் காய்ச்சல் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “ஒரு எட்டு போயி பாத்துட்டு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருதேன் சிஸ்டரம்மா. நீங்க இருக்கீயள்ல?” என்றாள். மேட்ரனிடம் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார். நான் கேட்கவில்லை. பூட்டின கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தவள் நான், அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், போய்விட்டு வா என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

மூன்று மணி வாக்கில் பாண்டி முனக ஆரம்பித்தான். முனகல் அலறல் ஆனது. வலது கைப் பெருவிரலின் அடிச்சதையை வாயில் வைத்துக் கடித்தான், ரத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். ஆயா வந்து பார்த்துவிட்டு, அக்காவைத் தேடுகிறான் என்றாள். நானும் ஆமாம் என்றேன். சொல்லிக்கொண்டே அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்துத் தடித்துப் போயிருந்தது. அதே இடத்தில், அதே மாதிரி காய்ப்பு சாமுவின் கையில் இருக்கிறது. சாமு கோபத்துக்குக் கடிக்க மாட்டான், பசிக்குக் கடிக்க மாட்டான், என்னைத் தேடியும் கடிக்க மாட்டான். வலித்தால் மட்டும்தான் கடிப்பான். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த பாஷை அது. போர்வையைத் தூக்கி அவன் கால்விரலைப் பார்த்திருக்க வேண்டும். மாவுக்கட்டு போட்ட காலில் வீக்கம் ஏறினால் கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றுபோகும், அதனால் மணிக்கொரு தடவை விரல் நகத்தை அமுக்கி, சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது நர்சிங் படிக்கிறவர்களுக்கு முதல் வருஷப் பாடம். ஒரு நிமிஷ வேலை. அந்த நேரத்தில் ஒரு பக்கம் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. கையைக் கடித்துக் குதறிக்கொள்கிறான் என்று ஆயாவிடம் சொல்லி, இரண்டு கையையும் கட்டுத்துணியால் கட்டிலோடு கட்டினேன். அவனுக்குத் தெரிந்த ஒரே பேச்சு அந்தக் கைதான். அதைக் கட்டிவிட்டுப் பெரியவரைப் பார்க்கப் போனேன்.

இது வரைக்கும் நடந்ததற்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். நானும் வெகுநாள் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஐந்தரை மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது எனக்கு நேரம் இருந்தது. பெரியவர் தேறிவிட்டார், பாட்டில்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் பாண்டியின் கட்டிலுக்கு முன்னால் நின்று என்ன சத்தம் என்று கேட்டார். இவன் வலிக்கு மட்டும்தான் கையைக் கடிப்பான் டாக்டர், கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர், உங்களுக்கு எப்படித் தெரியும் சிஸ்டர் என்று கேட்பார். எப்படித் தெரியும் என்று நான் என்ன சொல்லுவேன்? எத்தனை வருஷம் பஸ் ஏறி இறங்கி மூடி வைத்திருந்தேன். ஆயா பக்கத்தில் நிற்கிறாள், அவள் வாயில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். “அவன் அக்கா ஊருக்குப் போயிருக்கா டாக்டர், அதான் அழுதுக்கிட்டே இருக்கான்” என்றேன். தூக்க ஊசி போடச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நானே போட்டேன். சத்தம் அடங்கியது. எட்டு மணிக்கு ரிப்போர்ட் நோட்டில், நோயாளி அமைதியாக இருக்கிறார் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சாமுவுக்குச் சோறு போட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் எனக்குக் காலை டூட்டி. போனதும் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். விரல்கள் கறுத்து, தொட்டால் ஜில்லென்று இருந்தன. நகத்தை அமுக்கினேன், நிறம் திரும்பவில்லை. மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள், உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆயாவைத் துணைக்கு ஏற்றி வேனில் அனுப்பினார்கள். வேன் போனது பத்து மணிக்கு. வேலம்மா வந்தது பன்னிரண்டு மணிக்கு. துவைத்த சட்டையும் ஒரு பொட்டலம் சீனிச்சேவும் கொண்டுவந்திருந்தாள். கட்டில் காலியாக இருந்தது. நான் கட்டின துணி இரண்டு பக்கமும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, அவிழ்த்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நடந்ததைச் சொன்னேன். கட்டு இறுகிவிட்டது, காலில் ரத்தம் ஓடவில்லை, மதுரைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பொதுவாகச் சொன்னேன். அவள் கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“வலிச்சா அவன் கையக் கடிப்பான் சிஸ்டரம்மா. அவனுக்கு அது ஒண்ணுதான் சொல்லத் தெரியும். கடிச்சானா?”

“இல்லம்மா. கடிக்கல” என்றேன்.

கட்டின பிறகு அவன் கடிக்கவில்லை. அந்த வகையில் நான் சொன்னது பொய் இல்லை என்று அந்த நொடியிலேயே எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன், என் புத்தி அவ்வளவு வேகமாக ஓடியது. வேலம்மா மூச்சை இழுத்து விட்டாள். “அப்ப வலிச்சிருக்காது. அம்புட்டுக்காவது சாமி கண்ணத் தொறந்துச்சே” என்றாள். பிறகு எழுந்து பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு மதுரைக்குப் போனாள். நீங்கள் இருந்ததால்தான் பிள்ளையைப் போய்ப் பார்க்க முடிந்தது என்று போகிற போக்கில் நன்றி வேறு சொன்னாள். பாண்டியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று அடுத்த வாரம் ஆயா சொல்லித் தெரிந்தது.

ஒரு லீவு நாளில் சாமுவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கூமாப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வேலம்மாவைப் பார்த்து, கடித்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். போகிற வழியில் வ. புதுப்பட்டி வந்ததும் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். வலித்திருக்காது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டு இருப்பாள், அதையும் பிடுங்கவா என்று பஸ்ஸில் உட்கார்ந்து எனக்குச் சாதகமாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை, நீ கவனித்திருப்பாய்.

ஆனால் அந்த வாரமே மேட்ரனிடம் போய், என் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று சொன்னேன். இந்த மாதிரி நோயாளி வார்டில் இருக்கிற நாட்களில் இன்னொரு நர்ஸ் வேண்டும், ஒரு கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும் என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவைத்து, என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார். “அப்ப உங்களுக்குப் பழக்கம் இருக்குல்ல. இனி அந்த மாதிரி கேஸ் எல்லாம் உங்ககிட்டயே விடுதோம்” என்றார். கதவுக்குப் பக்கத்தில் நாலு கட்டில் அதற்கென்று ஒதுக்கினார்கள். நர்ஸ் ஒருத்திகூட அதிகமாக வரவில்லை. என்னுடைய முப்பத்திரண்டு கட்டிலும் அப்படியே இருந்தது. பைத்தியங்களின் வார்டு என்ற கணக்கில் கோட்டி வார்டு சிஸ்டர் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். பல வருஷம் வெட்கப்பட்டு மறைத்தது வெளியே வந்தபோது, யாருக்கும் அது பெரிய விஷயமாகவே இல்லை. ஒரு வாரம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இதற்காகவா ஒருவன் காலைக் கொடுத்தேன் என்று அன்று வார்டு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் வீட்டு ஆட்களிடம் முதலில் கேட்பேன். வலித்தால் என்ன செய்வான், பசித்தால் என்ன செய்வான், ஒண்ணுக்கு வந்தால் எப்படிக் காட்டுவான்? ஒருவன் வயிற்றுவலி வந்தால் சிரிப்பான் என்றார்கள். இன்னொருவன் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பவன், வலி வந்தால் ஆடாமல் உட்கார்ந்துவிடுவானாம். ஊசி மருந்து வருகிற பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் இதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். டாக்டர் முதலில் கேலி செய்தார், பிறகு படித்துப் பார்க்க ஆரம்பித்தார். இதைச் சாதனை என்று நீ நினைத்துவிடாதே. லீவு முடிந்து நான் திரும்பி வருகிற காலையில் அட்டை மேலே தொங்கும், அதற்குக் கீழே கை கட்டியிருக்கும். படித்துவிட்டுத்தான் கட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் முப்பத்திரண்டு கட்டில். யாரையும் நான் திட்டவில்லை, என்ன முகத்தோடு திட்டுவேன்?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலில் சேர்த்தது படிப்புக்காக என்று சொன்னேன். சாமுவிடமிருந்து உன்னைத் தள்ளி வைக்கத்தான் சேர்த்தேன். என் ஆயுசு இதிலேயே போகட்டும், நீயாவது தப்பித்துப் போ என்று நினைத்தேன். நீ லீவுக்கு வந்தால் அண்ணனுக்கு ஊட்டப் போவாய், நான் தட்டைப் பிடுங்கிக்கொள்வேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவில், அண்ணன் கையைக் கடிக்கிறான் அம்மா என்று அடுப்படிக்கு வந்து சொன்னாய். “அவன் அப்படித்தாம்ல. அவனுக்கு என்ன தெரியும், நீ போயிப் படி” என்றேன். நீ போனதும் அவன் காதைத் திருப்பிப் பார்த்தேன், சீழ் வடிந்துகொண்டிருந்தது. மருந்து விட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. நீ கவலைப்படக் கூடாதாம். உன் கடிதத்தின் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? சாமுவின் பாஷை தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று ஆக்கிவைத்தது நானே. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது எனக்கு. இப்போது என் வயிற்றுக்குள் கத்தி வைக்க வேண்டிய நேரத்தில் பார்த்தால், என்னைத் தவிர ஒரு நாதி இல்லை அவனுக்கு.

புதன்கிழமை சாமுவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். நீ சொன்ன இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரை சுத்தமாக இருந்தது, அங்கே இருந்த பெண்கள் அன்பாகப் பேசினார்கள், சாமுவுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். ஒரு பெரிய கூடம் நிறையப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள இரண்டே இரண்டு ஆயாக்கள். சோறு போடுகிற நேரம். மூலையில் ஒரு கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான், மணிக்கட்டில் துணி. உறுத்தாமல் இருக்கப் பஞ்சு வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். நானும் பாண்டிக்குப் பஞ்சு வைத்துத்தான் கட்டினேன். சாமுவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். வருகிற மாதம் இரண்டாவது திங்கட்கிழமை. துணை ஆள் யார் என்று கவுண்டரில் கேட்டார்கள், உன் பெயரைச் சொன்னேன். அதுவும் பொய்தான், ஏனென்றால் நீ எனக்குத் துணை இருக்க வேண்டாம். எனக்குக் கூலிக்கு ஒரு ஆயா போதும். எனக்கு வாய் இருக்கிறது, வலித்தால் ஊரைக் கூட்டிவிடுவேன். நீ இருக்க வேண்டியது இங்கே, ஸ்ரீவில்லிபுத்தூரில், அவனோடு. நான் போவதற்கு ஒரு வாரம் முன்பே லீவு போட்டுவிட்டு வா. அந்த ஒரு வாரமும் நான் வீட்டில் இருப்பேன், ஆனால் அவனுக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் நீதான். அவனைப் பற்றி அட்டை எழுதித் தர மாட்டேன். அட்டையைப் படித்துவிட்டுக் கட்டினவர்களை எனக்குத் தெரியும். நீயே பார்த்து, தப்புச் செய்து, அவனிடம் அடி வாங்கிக் கற்றுக்கொள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதைக் கற்றுக்கொண்டால் உனக்கு மீட்சி கிடையாது. தெரியாதவனாக இருக்கிற வரைக்கும் நீ ஓசூரில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கலாம், அவனை எங்கே வேண்டுமானாலும் விடலாம், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தெரிந்துகொண்ட பிறகு தெரியாதவன் மாதிரி இருக்க முடியாது. இருந்து பார்த்தவள் சொல்கிறேன். உன்னை வெளியே நிறுத்திவைக்க இத்தனை வருஷம் பாடுபட்டவளே இன்று உள்ளே கூப்பிடுகிறேன், திரும்பிப் போக வழி இல்லை என்று தெரிந்துகொண்டே கூப்பிடுகிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. தேதியை மறுபடி தள்ளிப்போட்டுக்கொள்வேன், அது எனக்குப் புதிது இல்லை, உன்மேல் வருத்தமும் இருக்காது. வருவதாக இருந்தால் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, புறப்பட்டு வா.

நீ வந்து அவனைப் புரிந்துகொண்டால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று எழுத வாய் வருகிறது. அப்படி எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். உன்னையும் மாட்டிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டுதான் நான் சாவேன். இருந்தாலும் வா.

அம்மா